கருணையும் கொள்ளைநோயும்

கேள்வி: 2021-இல் ஆற்றுகால் பொங்கலையை வீட்டு வாசலிலேயே இட்டேன். சில மாதங்களில் என் தமையனாரைக் கொரோனா கொண்டுபோயிற்று. கருணையே வடிவான இறைவன் இதை எவ்வாறு அனுமதித்தான்?
— ஒரு வாசகி, தம்பானூர்.

பதில்: ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே நின்று இரவும் பகலும் இரையும் தம்பானூர் 2020 மார்ச்சில் ஊரடங்கால் நிசப்தமானதையும், பொங்கலை நாளில் செங்கல் அடுப்புகள் வரிசையாகப் புகையும் வீதிகள் மறு ஆண்டு வெறிச்சோடிக் கிடந்ததையும் கண்ட தங்களுக்கு இவ்வினா எழுந்தது இயல்பே, அம்மா.

பிரம்ம சூத்திரம் இதே வினாவை எழுப்பி, ஈசுவரன் பட்சபாதமோ கொடுமையோ உடையவன் அல்லன், ஜீவர்களின் கர்மத்தை அநுசரித்தே படைக்கிறான் என்கிறது. மழை பொதுவாகப் பெய்ய, பயிர்கள் வேறுபடுவது விதையினால் என்பது சங்கரர் தரும் திருஷ்டாந்தம். அதன் கம்பீரத்தை மதிக்கிறேன். ஆயினும், தன் துன்பத்துக்குத் தானே சொல்லிக்கொள்ளுங்கால் திடம் தரும் அவ்விடை, பிறர் துன்பத்தை நோக்கிச் சொல்லப்படுங்கால் குரூரமாகிவிடுகிறது. தமையனார் முன்வினையால் மாண்டார் என்று எவரேனும் சொன்னால் செவிகொடாதீர்கள்.

அம்மனின் விளையாட்டென்று நம் முன்னோர் பணிந்த வைசூரியை, அவளிடம் பக்தி குன்றாமலே, அம்மை குத்தி ஒழித்தோம். 1980-இல் உலக சுகாதார சபை அதைப் பிரகடனம் செய்தது. ஆகவே, நோயை இறைவனின் ஆக்ஞை என்று நான் கொள்வதில்லை. அவ்வூரடங்கில் கேரளத்தின் சமூக சமையற்கூடங்களில் சோற்றுப் பொதி கட்டி, முகமறியாதவர் வாசலில் வைத்துச் சென்றவர்களிடத்தேதான் அவன் கருணையைக் காண்கிறேன்.

இறைவனோடு தாங்கள் வழக்காடுவது அபசாரமன்று. பார்வை இழந்த சுந்தரர் திருவாரூர்ப் பெருமானிடம் சினந்தே பாடினார்; அப்பாட்டையும் நம்மவர் தேவாரத்தில் சேர்த்தே வைத்திருக்கின்றனர்.