உண்மை விடையும் வினா எழும் இடமும்: நீடாமங்கல நிகழ்வை முன்வைத்துக் கள ஆய்வு முறையியல்

1937 டிசம்பர் 28 அன்று நீடாமங்கலத்தில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பண்ணையாட்கள் சிலர் அமர்ந்து உண்டனர். அதற்காக அவர்கள் அடிக்கப்பட்டனர், மொட்டையடிக்கப்பட்டனர், சாணிப்பால் புகட்டப்பட்டனர் என்று 'விடுதலை' இதழ் செய்தி வெளியிட்டது. பின்னர், பாதிக்கப்பட்டோர் பெயராலேயே மறுப்பும் வெளிவந்தது. ஊரைவிட்டு அகன்றபின் அவர்கள் தரப்பில் கூறப்பட்டதோ வேறு. திருநீலகண்டனின் நூல் இந்நிகழ்வை ஆவணங்களோடு விரித்துரைக்கிறது. ஒரே வினாவுக்கு இருவேறு விடைகள் கிடைத்தமை வரலாற்றாய்வுக்கு மட்டுமன்றிக் கள ஆய்வு முறையியலுக்கும் உரிய சிக்கலாகும்.

விடை பொய்ப்பதற்கு நாணமும் அச்சமும் காரணங்களாகின்றன. நாணத்துக்கு மருந்தாக ஸ்டான்லி வார்னர் 1965இல் ஒரு முறையை வகுத்தார். ஒரு பையில் 7 சிவப்பு மணிகளும் 3 கறுப்பு மணிகளும் உள்ளன எனக் கொள்க. தகவலாளி ஒரு மணியை மறைவாக எடுக்கிறார். சிவப்பு வந்தால் 'நான் தீண்டாமை பார்க்கிறேன்' என்ற கூற்றுக்கும், கறுப்பு வந்தால் 'நான் பார்ப்பதில்லை' என்ற கூற்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்கிறார். எக்கூற்றுக்கு விடை தந்தார் என்பதைக் கேட்பவர் அறியார். ஆயினும் 1000 பேரில் 400 பேர் 'ஆம்' என்றால், தீண்டாமை பார்ப்போர் ஏறத்தாழ 250 பேர் எனக் கணக்கிடலாம்.

பை இன்றியும் வழியுண்டு. 2011-12இல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு, தீண்டாமை பார்ப்பதில்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியினர் சமையலறைக்குள் வரலாமா, பாத்திரங்களைப் புழங்கலாமா என்று மீண்டும் வினவியது. இரு விடைகளையும் சேர்த்தபோது 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் தீண்டாமை பார்ப்பது புலப்பட்டது.

இவையெல்லாம் இழைத்தவரிடம் கேட்பதற்கு உகந்தவை. நீடாமங்கலத்துப் பண்ணையாட்களுக்கு இவை உதவியிரா. அவர்கள் சிலரே, யாவரென ஊரறியும். கூலியும் குடியிருப்பும் பண்ணையைச் சார்ந்திருக்க, அவர்கள் அஞ்சியது கேட்பவரையன்று, கேட்பவர் போனபின் எஞ்சியிருப்பவரை. அங்கே மறைக்க வேண்டியது விடையையன்று, வினா எழுப்பப்படும் சூழலை. தேசியக் குடும்பநல ஆய்வு இதை உணர்ந்தே இயங்குகிறது. குடும்ப வன்முறை பற்றி ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே, தனிமையில் கேட்கிறது. தனிமை வாய்க்காவிடில் அப்பகுதியைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறது.