பல களங்களில் ஒரு பெயரைத் தேடுதல்

ஓர் ஊருக்குள் ‘மேலத்தெரு முருகன்’ என்று எழுதினாலே கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த ஊரிலும் ஒரு மேலத்தெரு, அங்கும் ஒரு முருகன் இருந்தால், ஊர்ப்பெயர் இல்லாமல் அஞ்சல்காரர் என்ன செய்வார்? கணிப்பொறி வலையமைப்பிலும் இதே சிக்கல் உண்டு.

பயனாளர்களின் பெயர், துறை, மின்னஞ்சல் முகவரி முதலியவற்றை மரத்தின் கிளைகள்போல் அடுக்கி வைத்திருப்பது டைரக்டரி சேவை ஆகும். இதற்கான எக்ஸ்.500 தரம் 1988-இல் வெளிவந்தது. அதனை எளிதாக அணுக உதவும் எல்.டி.ஏ.பி. என்னும் நெறிமுறை 1993-இலும், அதன் மூன்றாம் பதிப்பு 1997-இலும் வந்தன. ஒரே நிர்வாகத்தின்கீழ் அடங்கும் பெயர்த் தொகுதியை ‘டொமைன்’, அதாவது களம் என்பர். தகவலைக் கேட்டுப் பெறும் கணிப்பொறி ‘கிளையன்ட்’ எனப்படும்.

கிளையன்டுக்கு மூன்று செய்திகளைச் சொல்லிவைக்க வேண்டும். எந்தச் சர்வரைக் கேட்பது? எந்தக் கிளையிலிருந்து தேடத் தொடங்குவது? எவ்வளவு ஆழம் செல்வது? ஒரு களத்தின் கிளையிலிருந்து தொடங்கினால் மற்றக் களத்தார் அகப்படமாட்டார். மரத்தின் உச்சியிலிருந்து தொடங்கினாலும் போதாது. ஒரு கிளை வேறு சர்வரில் இருந்தால், முதற் சர்வர் ‘அங்கே கேள்’ என்று ‘ரெஃபரல்’ மட்டும் அனுப்பும். கிளையன்ட் அதனைப் பின்பற்றும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் சர்வரும் அதன் அடையாளத்தை ஏற்க வேண்டும். இல்லையேல் விடை குறைவாகவே வரும்.

மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் வேறொரு வழி உண்டு. ‘குளோபல் கேட்டலாக்’ என்னும் பொதுப்பட்டியல், ஒரே ‘ஃபாரஸ்ட்’டில் அடங்கிய எல்லாக் களங்களின் பதிவுகளையும் கொண்டது. வழக்கமான 389-ஆம் போர்ட்டுக்குப் பதிலாக 3268-இல் கேட்டால் அனைத்தையும் ஒருங்கே தேடலாம். ஆயினும் பிற களத்தாரைப் பற்றிய சில விவரங்களே அங்கிருக்கும். முழு விவரத்திற்கு அந்தந்தக் களத்தையே கேட்க வேண்டும்.

இனி நம் முருகனுக்கு வருவோம். லினக்ஸில் பயன்படும் எஸ்.எஸ்.எஸ்.டி. என்னும் மென்பொருள், வெறும் பெயரைக் கொடுத்தால், களங்களை நாம் எழுதிய வரிசைப்படி தேடி, முதலில் கண்டவரையே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் களத்து முருகன் சரியான கடவுச்சொல்லைத் தந்தும் மறுக்கப்படுவார். அதனினும் கேடு, அவருக்கென அளித்த கோப்பு உரிமை முதற்களத்து முருகனைச் சேர்வது. அக்கோப்பு சம்பளக் கணக்காகவோ மதிப்பெண் பட்டியலாகவோ இருந்தால் என்ன ஆகும்?

ஆகவே பெயரோடு களத்தின் பெயரையும் சேர்த்தே எழுதும்படி அமைப்பது நலம். அமைத்து முடித்தபின், இரு களங்களிலும் உள்ள ஒரு பெயரைத் தேடிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் அகப்பட்டார் என்று நின்றுவிடாமல், நாம் தேடியவர்தாம் அகப்பட்டாரா என்று காண்பதே உண்மையான சோதனை.