மறந்துபோன கடவுச்சொல்

இன்று பல வீடுகளுக்குக் கணிப்பொறி வந்துவிட்டது. அதனுடன் கடவுச்சொல்லும் வந்தது. கடவுச்சொல்லை மறப்பதும் வந்தது. அவ்வாறு மறந்துபோன ஒரு கடவுச்சொல்லைத் தேடிப் போனபோது நான் கற்றுக்கொண்டதைச் சக மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவொற்றியூரில் எங்கள் பகுதிப் படிப்பகத்தில் விண்டோஸ் 7 கொண்ட பழைய கணிப்பொறி ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை ஒட்டிய வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, படகுகளும் வலைகளும் கறுத்துப்போனதை நாம் அறிவோம். அப்போது படிப்பகத்தார் மீனவக் குடும்பங்களின் பட்டியல், படகு எண்கள், குடும்ப அட்டை நகல்கள், மனுக்கள் ஆகியவற்றை அக்கணிப்பொறியில் சேர்த்து வைத்தனர். அதைக் கவனித்து வந்தவர் ஒரு பெரியவர். நிருவாகிக்குரிய கடவுச்சொல் அவர் ஒருவருக்கே தெரியும். சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தடுமாறியது, கடவுச்சொல்லும் நினைவுக்கு வரவில்லை. மனு நகல் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டோம். "ஃபார்மட் போட்டுடலாம் தம்பி, புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். கணிப்பொறி புதிதாகிவிடும், உண்மை. பட்டியல் போய்விடுமே!

கடவுச்சொல் எங்கே இருக்கிறது?

கணிப்பொறியில் கடவுச்சொல் வழக்கத்திற்கு வந்தது 1960-களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். அவரவர் கோப்பு அவரவருக்கே என்பதற்காக, பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் கடவுச்சொல்லைப் புகுத்தினர். அச்சொற்கள் ஒரு கோப்பில் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1966-இல் ஒரு பிழையால் அன்றைய அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் இடம் மாறின. உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லாருடைய கடவுச்சொற்களும் வந்து நின்றன!

ஆகவே பின்வந்தவர்கள் சொல்லை அப்படியே வைக்காமல், ஒரு கணக்கின் வழியே அரைத்து, வரும் எண்ணை மட்டும் வைத்தனர். இதற்கு ஹாஷ் என்று பெயர். யுனிக்ஸ் முறையில் இதைச் செய்த அனுபவத்தை ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979-இல் கட்டுரையாக வெளியிட்டனர். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. நாம் சொல்லைத் தட்டும்போது கணிப்பொறி அதை மறுபடி அரைத்து, வரும் எண் பழைய எண்ணுடன் ஒத்திருந்தால் கதவைத் திறக்கிறது. விண்டோசில் இவ்வெண்கள் "சாம்" என்னும் கோப்பில் இருக்கின்றன.

இதிலிருந்து தெரிவது என்ன? மறந்த சொல் கணிப்பொறிக்குள் இல்லை. அதைத் தேடி எடுக்க இயலாது. அதன் எண்ணை அழித்து வேறொன்றை வைக்கலாம், அவ்வளவே. வேறொரு இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, உறங்கிக் கிடக்கும் விண்டோசின் சாம் கோப்பைத் திருத்துவதே மீட்டமைக்கும் முறை. நார்வே நாட்டவரான பெட்டர் நோர்டால்-ஹாகன் 1990-களிலேயே இதற்கு ஓர் இலவச நிரல் எழுதிக் கொடுத்தார்.

பூட்டு எதன்மேல்?

நானும் மீட்டமைக்கவே நினைத்தேன். எனினும் இரண்டு காரியங்களை முதலில் செய்தோம். பிறர் கணிப்பொறியை அனுமதியின்றித் திறப்பது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தவறு. எனவே படிப்பகக் குழுவினரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றோம். அடுத்து, எதையும் மாற்றுமுன் நகல் எடுப்பது என்று முடிவு செய்தோம்.

சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்சைப் பென் டிரைவிலிருந்து இயக்கினேன். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப கால மடிக்கணினிகளில் விண்டோசுடன் இருந்ததும் இதுவே. ஹார்டு டிஸ்க் அப்படியே திறந்து கிடந்தது! பட்டியலும் மனுக்களும் கடவுச்சொல் இன்றியே நகலாகி வந்தன. வாசலில்தான் பூட்டு, சுவரின் மறுபக்கம் வெறும் திறப்பு.

ஆனால் குடும்ப அட்டை நகல்கள் இருந்த கோப்புறை மட்டும் "அனுமதி இல்லை" என்று மறுத்தது. பிறர் குடும்ப விவரம் என்பதால் பெரியவர் அதை விண்டோசின் மறையாக்க வசதியால் பூட்டியிருக்கிறார். அங்கே பூட்டு வாசலில் இல்லை. ஒவ்வொரு கோப்பின் எழுத்தும் புரியாத குறிகளாக மாறியிருந்தது. அதைப் பழையபடி ஆக்கும் திறவுகோல், கடவுச்சொல்லைக் கொண்டே பாதுகாக்கப்படுகிறது. சாம் கோப்பைத் திருத்தினால் வாசல் திறக்கும், இத்திறவுகோல் கிட்டாது. பழைய சொல் தெரியாதவரை அந்நகல்களைப் படிக்க முடியாது.

மாற்றுதல் வேறு, மீட்டமைத்தல் வேறு என்று அன்றுதான் உணர்ந்தேன். பழைய சொல்லைச் சொல்லி உள்ளிருந்து மாற்றினால் திறவுகோலும் புதிய சொல்லுக்கு மாறிக்கொள்ளும். வெளியிலிருந்து மீட்டமைத்தால் மாறாது.

கை மறக்கவில்லை

பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் மகள், "அப்பாவால சொல்ல முடியல தம்பி. ஆனா கீபோர்டு முன்னாடி உட்கார வெச்சுப் பாருங்க. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவரு" என்றார். ஆட்டோவில் அழைத்து வந்தோம். வலது கை சரியாக வரவில்லை. முதல் மூன்று முறையும் தவறு. பிறகு அவர் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். திறந்துவிட்டது. என்ன தட்டினார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆகவே மீண்டும் இருமுறை மெதுவாகத் தட்டச் சொல்லி, மகளைக் குறித்துக்கொள்ளச் செய்தோம்.

உடனே மறையாக்கத்தை நீக்கி நகல் எடுத்தோம். கடவுச்சொல்லை முறைப்படி மாற்றினோம். கடவுச்சொல் மீட்பு வட்டு ஒன்றை விண்டோசிலேயே உருவாக்கி, புதிய சொல்லை எழுதிய தாளுடன் உறையிலிட்டு முத்திரை வைத்துப் படிப்பகப் பீரோவில் சேர்த்தோம். அதைப் பிரிக்க இருவர் கையெழுத்து வேண்டும். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டதால், இணைய இணைப்பையும் துண்டித்தோம். மனு நகல் கேட்டவர்களுக்கு அன்று மாலையே அச்செடுத்துக் கொடுத்தோம்.

நண்பர்களே, கடவுச்சொல் மறந்துபோனால் பதறி ஃபார்மட் செய்யாதீர்கள். உரியவரின் இசைவைப் பெறுங்கள், நகல் எடுங்கள், பூட்டு வாசலிலா, பொருளிலா என்று பாருங்கள். வாசலில் மட்டும் என்றால் மீட்டமையுங்கள். பொருளில் என்றால் பூட்டியவரிடம் போங்கள். இன்றைய புதிய கணிப்பொறிகள் பலவற்றில் வட்டு முழுவதுமே மறையாக்கம் செய்யப்படுகிறது. விண்டோசின் பிட்லாக்கருக்குரிய 48 இலக்க மீட்பு எண் இல்லாவிடில் லினக்சாலும் பயனில்லை. அந்த எண்ணை இன்றே தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பலருக்குரிய கணிப்பொறியின் சாவி ஒருவர் நினைவில் மட்டும் இருத்தல் ஆகாது.