ஒரு கார் மோதினால் போதுமா?

ஒரே ஒரு காரை மோதவிட்டு, அந்த மாடல் கார்கள் எல்லாமே பாதுகாப்பானவை என்று எப்படிச் சொல்கிறார்கள்? – வாசகர், ஓசூர்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால், பானை முழுக்கச் சீராக வெந்திருக்க வேண்டுமே! அமெரிக்காவின் 208-ஆம் வாகனப் பாதுகாப்பு விதிப்படி, மோதலில் காருக்குள் உட்காரவைத்த சோதனைப் பொம்மையின் தலைக்காய அளவு 700-ஐத் தாண்டக் கூடாது. ஒரே மாடல்தான் என்றாலும் எண் ஒன்றுபோல வராது. வெல்டிங், பொம்மை உட்கார்ந்த விதம் எல்லாமே அதை அசைக்கும். சராசரி 690, திட்டவிலக்கம் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள்: பத்தில் நான்கு கார் தோற்கும். சராசரியை 550-க்கு இறக்கினால் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். அதனால்தான் கம்பெனிகள் எல்லைக்கு வெகு கீழே குறிவைத்து, கணினியிலும் பலமுறை மோதிப் பார்த்துவிடுகின்றன. 699 வாங்கித் தேறிய கார் என்றால் எனக்குக் கொஞ்சம் உதறத்தான் செய்யும்.