கோடிகள் பொறித்த நாணயத்தாள்கள்

நாணயத்தாள் திரட்டுவோர் விரும்பித் தேடுவனவற்றுள் பெரும் பணவீக்கக் காலத்துத் தாள்களும் அடங்கும். கோடிக்கணக்கிற் பெறுமதி பொறித்த அத்தாள்களுட் பல இன்று மலிவாய்க் கிடைக்கின்றன. சில கிடைத்தற்கு அரியன. இவ்வேறுபாட்டின் காரணத்தை, 1923ஆம் ஆண்டின் ஜேர்மனியைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1914இல், முதலாம் உலகப் போர் மூளுமுன், ஓர் அமெரிக்க டொலர் 4.2 மார்க்குக்கு ஈடாயிருந்தது. ஜேர்மன் அரசு போர்ச்செலவிற் பெரும்பகுதியைக் கடனாலேயே ஈடுசெய்தது. தோல்விக்குப்பின் நட்டஈட்டுச் சுமையும் சேர்ந்தது. 1923 சனவரியிற் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் நிலப்பகுதியிற் படையை நிறுத்தின. அதனை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளரைத் தாங்குதற்கு அரசு மேலும் பணம் அச்சிட்டது. பண்டம் பெருகாது பணம் மட்டும் பெருகவே, விலைகள் நாளுக்குநாள் ஏறின. அவ்வாண்டு நவம்பரில் ஒரு டொலரின் விலை 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்காயிற்று.

அக்காலத்து அவசரத்தைத் தாள்களிலேயே காணலாம். பல தாள்கள் ஒரு பக்கம் மாத்திரம் அச்சிடப்பட்டவை. 1922 டிசம்பர்த் திகதியிட்ட 1000 மார்க்குத் தாளின் குறுக்கே, மறு ஆண்டில், 100 கோடி மார்க்கு எனச் செந்நிறத்தில் மேலச்சிட்டனர்.

1923 நவம்பர் 15இல் ரெந்தன்மார்க்கு என்னும் புதுப்பணம் வந்தது. பழைய மார்க்கு இலட்சம் கோடிக்குப் புதியது ஒன்று. இக்கணக்கின்படி அந்த 100 கோடித் தாள், பெனிக்கு என்னுஞ் சிறுகாசின் பத்திலொரு பங்கே பெறும். அதனை மாற்ற வங்கிக்குச் செல்வார் யார்? ஆதலின் அத்தகைய தாள்கள் வீடுகளிலேயே தங்கின. 1924 பெப்ரவரி 15ஆந் திகதியிட்ட 100 இலட்சம் கோடித் தாளோ புதிய மார்க்கு நூற்றுக்கு ஈடானது. அதனை மாற்றாது வைத்திருந்தோர் மிகச் சிலரே; எனவே இன்று அஃது அரும்பொருளாயிற்று.

அண்மைக்காலத்துச் சான்றும் ஒன்றுண்டு. 2009 சனவரியிற் சிம்பாப்வே 100 இலட்சம் கோடி டொலர்த் தாளை வெளியிட்டது. 2015இல் அத்தகைய 350 தாள்களுக்கு ஓர் அமெரிக்க டொலரே மாற்றாகக் கொடுக்கப்பட்டது. சேகரிப்போரோ ஒரு தாளுக்கே பல டொலர் கொடுக்கின்றனர்.

எனினும் இவற்றை விநோதப் பொருள்களென மட்டும் நோக்குதல் தகாது. 1914இல் 1000 மார்க்குச் சேமித்தவர் ஏறக்குறைய 238 டொலருக்கு உரியவர். 1923 நவம்பரில் அச்சேமிப்பு ஒரு சதத்தின் நுண்கூறுமாகாது. போர்க்கடன் பத்திரம் வாங்கியோரும் ஓய்வூதியத்தை நம்பியோரும் இங்ஙனமே இழந்தனர். கடன்பட்டோர் மதிப்பிழந்த தாள்களால் தங் கடனைத் தீர்த்தனர்.

ஆகவே தாள் திரட்டும் மாணவர், அதில் எழுதிய தொகையோடு வெளியிட்ட திகதியையும், அந்நாளில் அது வாங்கக்கூடியதாயிருந்த பண்டத்தையும் குறித்துவைப்பாராக. அக்குறிப்புகளின்றேல் தாளின் கதையிற் பாதியே நம் கைக்கு வரும்.