தறி நிற்கும் வாரத்திலும் பாடம் நடக்கும்

பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று கருமத்தம்பட்டியில் சொன்னால், கேட்பவர் யாராக இருந்தாலும் மூன்று கேள்விகள் வரும். "சர்ட்டிபிகேட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" "புள்ள யாருகூடப் பழகும்?" "வீட்டுல அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க?" முதல் இரண்டையும் பின்னால் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவதுதான் கனமான கேள்வி. விசைத்தறியை நம்பிய ஊரில் ஒரு வீட்டின் நேரம் அந்த வீட்டாரின் கையில் இல்லை. நெய்வதற்கான பாவு நூல் வந்துவிட்டால் ராத்திரி ஷிப்ட்டும் ஓட்டியாக வேண்டும். நூல் விலை ஏறினால் பாவு வருவது குறையும். கூலி உயர்வு கேட்டுப் போராட்டம் என்றால் சோமனூர், பல்லடம் வட்டாரம் முழுக்க வாரக்கணக்கில் தறி நிற்கும். 2022இலும் 2025இலும் அப்படித்தான் நின்றது. நடுவில் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி, பங்காளி வீட்டுக் கல்யாணம், மாரியம்மன் கோயில் பூச்சாட்டு, அக்டோபரில் ஜெபமாலை அன்னை தேர். இந்த ஏற்ற இறக்கத்தால் வீட்டுக்கல்வி கெடுவதில்லை என்பதே என் அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு. பள்ளியின் நேர அட்டவணையை அப்படியே வீட்டுச் சுவரில் ஒட்டும்போதுதான் கெடுகிறது. எட்டுப் பீரியடாக வகுத்த நாள், சோறு வடிக்கவும் தார் சுற்றவும் ஆள் தேவைப்படும் வீட்டில் முதல் வாரத்திலேயே குலைந்துபோகும். குலைந்ததும் பெற்றோருக்குக் குற்றவுணர்வு, பிள்ளைக்கு அலுப்பு. எந்த நாளிலும் விடாத சிறு பங்கு ஒன்று, பருவத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் பெரும் பங்கு ஒன்று என்று படிப்பை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் வீடு தாங்கும்.

இதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டாம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மாநிலத்தின் அத்தனை சிறு பிள்ளைகளும் விரும்பியோ விரும்பாமலோ வீட்டில்தான் படித்தார்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, செல்போன் வகுப்பு இருந்தது. பள்ளியின் பீரியடு வீட்டுக்குள் வந்தது. விளைவை கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் சோதித்து எழுதியிருக்கிறார்கள். மொழியிலும் பெரும் இழப்பு, கணக்கில் அதைவிடப் பெரிய இழப்பு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறத்தாழ கால்பங்கு, 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் என்ன நடந்தது? அதே தெருவில் குடியிருக்கும் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், மாலையில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஒரு சிறு கூட்டத்துக்கு வாசிக்கவும் எண்ணவும் சொல்லிக்கொடுத்தார். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் நடந்தது அது. மீட்சியின் பெரும்பங்கு பள்ளி திறந்ததால்தானே வந்தது என்று யாரும் எதிர்க்கேள்வி கேட்கலாம். உண்மைதான். அந்தத் தரவை வைத்துப் பள்ளியே வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது; நானும் வாதிடவில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: நாள் முழுக்கப் பள்ளியை நடிக்கும் வீட்டைவிட, தவறாமல் நடக்கும் ஒரு மணி நேரம் அதிகம் தருகிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நான் கறார். உரக்க வாசிப்பு, கையால் எழுத்து, கணக்கு. தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிப்பு. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுப் பாடத்திட்டம் எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் தினமும் மாறாத ஒரு காரியத்தோடு கட்டுவது நல்லது. காலை டீ குடித்து முடித்ததும் என்று வைத்தால், இரவு ஷிப்ட் முடிந்து வீடு தூங்கும் நாளிலும் அது நடக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் வாசிப்புப் புத்தகம் பையில் போகட்டும். அன்றைக்கு அரை மணி போதும். காய்ச்சல் என்றால் பிள்ளை படுத்திருக்கும், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகக் கொடுப்பதை மட்டும் செய்யவே கூடாது. அது தண்டனையாகத்தான் பிள்ளைக்குப் படும். தேதி போட்டு என்ன படித்தது என்று இரண்டு வரி எழுதும் நோட்டு ஒன்று அவசியம். ஒரு மாதத்து நோட்டைப் புரட்டினால் எது நகர்ந்தது, எது தேங்கியது என்று ஊகத்துக்கு இடமில்லாமல் தெரியும். பின்னால் அதிகாரி யாரும் கேட்டாலும் கையில் காட்ட அதுதான் இருக்கும்.

மீதிப் படிப்பை ஊர் தரும். தறிக்குடோனில் துணியின் நெருக்கம் பார்க்க ஓர் அங்குலச் சதுரமுள்ள கவுண்டிங் கிளாஸ் வைத்திருப்பார்கள். அதைக் காடாத் துணிமேல் வைத்து ஊடை இழைகளை எண்ணச் சொல்லுங்கள். அங்குலத்துக்கு 52 என்று வந்தால், ஒரு மீட்டரில் 39.37 அங்குலம், ஆக 2,047 முறை நாடா குறுக்கே ஓடியிருக்கிறது. தறி நிமிடத்துக்கு 150 பிக், அதாவது நாடா 150 முறை, ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் நெய்யப் பதினான்கு நிமிடம் ஆகும். அப்படியானால் எட்டு மணி ஷிப்ட்டில் எத்தனை மீட்டர், இழை அறுந்து நிற்கும் நேரத்தைக் கழித்தால் எத்தனை, மீட்டருக்கு இன்ன கூலி என்றால் வீட்டுக்கு வருவது எவ்வளவு? பெருக்கல், வகுத்தல், தசமம், சராசரி எல்லாம் இதில் அடங்கிவிடும். 2021 நவம்பரில் பேசி முடித்த கூலி உயர்வு சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதம். அது சரியாகக் கிடைக்கவில்லை என்றுதான் அடுத்த ஜனவரியில் தறிகள் நின்றன. தறி நின்ற வாரத்தில் பிள்ளைக்குச் சதவீதம் சொல்லித்தராமல் வேறு எந்த வாரத்தில் சொல்லித்தருவது? நூறு ரூபாயைப் பத்து சதவீதம் உயர்த்திப் பிறகு பத்து சதவீதம் குறைத்தால் 99தான் வரும், பழைய நூறு திரும்பாது என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய திடுக்கிடல். தண்ணீரும் இப்படித்தான். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் 1.5 டி.எம்.சி. உபரி நீர். ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி. வகுத்துப் பார்த்தால் ஒரு குட்டைக்குச் சராசரியாகப் பதினான்கு லட்சம் கன அடி. அருகிலுள்ள குட்டையின் நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்து, அந்தத் தண்ணீர் எத்தனை அடி ஆழத்துக்கு நிற்கும் என்று கேளுங்கள். பவானி ஆறு எங்கே, நொய்யல் எங்கே, மேடான இந்தப் பகுதிக்கு ஏன் பம்ப் வைத்து ஏற்ற வேண்டியிருக்கிறது என்று அந்தக் கேள்வி தானாகப் புவியியலுக்குள் போய்விடும்.

இங்கேதான் தமிழ்நாட்டில் எவரும் தவிர்க்க முடியாத மறுப்பு எழுகிறது. தறிக்காரர் பிள்ளைக்குத் தறியைக் காட்டியே பாடம் என்றால் அது குலக்கல்வி அல்லவா? 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. பிறப்பை வைத்துப் பிள்ளையின் எல்லையை அரசு வரைவதை எந்தக் காலத்திலும் ஏற்க முடியாது. தொழில் வழியாகப் பாடம் என்ற எண்ணத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில், நூல் நூற்பது எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாடம். அதுகூடப் பிள்ளையின் உற்பத்தியை விற்றுப் பள்ளிச் செலவைப் பார்க்கலாம் என்று போன இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. எனவே நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பிள்ளை இல்லாவிட்டால் அந்த வேலைக்குக் கூலிக்கு ஓர் ஆள் வைக்க வேண்டியிருக்குமா? ஆம் என்றால் வீட்டில் நடப்பது படிப்பு அல்ல, வேலை வாங்குவது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் சிறுவர் உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் இடம் கொடுத்திருக்கிறது. வீட்டுக்கல்வி தரும் குடும்பம் அந்த இடத்தைப் பயன்படுத்தவே கூடாது. பிள்ளை எண்ணலாம், அளக்கலாம், கேள்வி கேட்கலாம். தறி ஓட்டக் கூடாது, தார் சுற்றக் கூடாது. காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்தில் நீண்ட நேரம் இருக்கவும் கூடாது.

இன்னொரு பேரைச் சொல்லாமல் கொங்கு நாட்டில் இந்தப் பேச்சு முடியாது. பக்கத்துக் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைத் தாண்டவில்லையே, அவர் விஞ்ஞானி ஆகவில்லையா என்று வீட்டுக்கல்வி ஆதரவாளர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். அந்த வாதம் பலவீனமானது. ஒரு மேதையை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு விதி எழுத முடியாது. அவர் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காகக் கழற்றிக் கற்றவர்; அந்த அளவு பிடிவாதம் எல்லாருக்கும் வாய்க்காது. அதைவிட, கோவையில் தொழிற்கல்வி நிலையங்கள் உருவாக அவர் தம் பொருளைக் கொடுத்தார். நிறுவனமே வேண்டாம் என்று நினைத்தவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

சட்டத்துக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது வகுக்கவில்லை. வீட்டுக்கல்வியை அது அங்கீகரிக்கவும் இல்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வந்தால் கதவைச் சாத்தாமல் உட்கார வைத்து நோட்டைக் காட்டுங்கள். இடைநின்ற பிள்ளைகளையும் குழந்தைத் தொழிலாளர்களையும் தேடி வெயிலில் அலைகிறவர்கள் அவர்கள். தேர்வு என்று பார்த்தால், பன்னிரண்டரை வயது நிரம்பியவர் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயது நிரம்பியதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தமிழக அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதை அன்றைய அரசாணையைப் பார்த்து முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். இழப்பையும் மறைக்கக் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வீட்டில் படித்த பிள்ளைக்கு இவை கிடையாது. ஐந்தாம் வகுப்பு வயது முடியும்போது ஒரு முறை குடும்பமாக உட்கார்ந்து இதை எடைபோட்டே ஆக வேண்டும். திரும்பும் வழி அடைபடவில்லை: பள்ளியில் சேராமலோ இடையில் நின்றோ இருக்கும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும் எமிஸ் என்னும் மாணவர் பதிவு எண்ணையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பழகுவது பற்றிய கவலைக்குச் சுருக்கமாகவே பதில் சொல்வேன். தெருவில் விளையாட்டு, நூலகம், சனி ஞாயிறுகளில் சிலம்பமோ கம்பத்தாட்டமோ என்று வாரத்தில் நான்கு பொழுதாவது பிள்ளை வீட்டுக்கு வெளியே, வேறு வேறு சாதி, மதம், வசதி உள்ள பிள்ளைகளோடு இருக்க வேண்டும். அரசுப் பள்ளி இதைத் தானாகச் செய்துவிடுகிறது. வீடு மெனக்கெட வேண்டும். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் வீட்டுக்கல்வியில் இறங்காமல் இருப்பதே நல்லது.

நான் மிகவும் கவலைப்படும் மறுப்பு இவை எதுவும் இல்லை. யார் சொல்லிக்கொடுப்பது? பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரு மணி நேரமும் நோட்டும் சேர்ந்து ஒரே பெண்ணின் தலையில் ஏறுகின்றன. சமையல், மாமனார் மாமியாரின் மருந்து, குடோனுக்கு டீ, இதற்கு மேல் ஆசிரியை வேலை. அவர் படுத்துவிட்டால் பள்ளியே படுத்துவிடும். குடும்பத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வீட்டுக்கல்வி என்றால் குறைந்தது இரண்டு பேரால் நடத்தப்படுவது என்று பொருள். கணக்கை அப்பா எடுக்கலாம், வாசிப்பைத் தாத்தாவோ அப்பத்தாவோ கேட்கலாம், கல்லூரி போகும் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை அறிவியல் எடுக்கலாம். ஆகவே இந்த வழியை யோசிக்கிற குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தாளில் ஏழு கிழமைகளையும் எழுதி, எந்தக் கிழமை யார் அந்த ஒரு மணி நேரம் உட்காருவது என்று பெயர் போடுங்கள். ஏழிலும் ஒரே பெயர் வந்தால், வரும் ஜூனில் பிள்ளையை அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.