சங்கம் நிலைபெறுவது எவர் ஏற்பினால்?

திகம்பர முனிவர் உணவை வாய்திறந்து கேட்பதில்லை. இல்லறத்தார் முறைப்படி எதிர்கொண்டு அழைத்தால் நின்றவாறே, கைகளையே கலமாகக் கொண்டு உண்பார். அழைப்பார் இல்லையெனில் உண்ணாது மீள்வார். ஆகவே, 'இவர் மெய்த்துறவி' என்று சிராவகர் ஏற்றுக்கொள்வது நம் சமயத்தில் வெறும் மதிப்புரை அன்று. சங்கம் உயிர்வாழும் வழியே அதுதான். எந்த அமைப்பும் பிறர் ஏற்பை நாடியே நிற்கிறது எனினும், அது இத்துணை வெளிப்படையாய்த் தோன்றுமிடம் அரிது.

ஏற்பைத் தேடுங்கால் அமைப்பின் உருவமும் மாறுகிறது. பூஜ்யபாதரின் மாணாக்கராகிய வச்சிரநந்தி விக்கிரம ஆண்டு 526இல், அதாவது கி.பி. 470 அளவில், தென்மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்பது தேவசேனரின் 'தர்சனசாரம்' தரும் செய்தி. 10ஆம் நூற்றாண்டுப் பிராகிருத நூலாகிய அது, இச்சங்கத்தைப் போலிச் சமணம் என்றே ஒதுக்குகிறது. விதையில் உயிரில்லை என்றார், வேளாண்மையும் வாணிகமும் செய்வித்து வாழ்ந்தார், குளிர்ந்த நீரில் ஆடினார் என்பன வச்சிரநந்தியார்மேல் சாற்றப்பெறும் குற்றங்கள். மாற்றுத் தரப்பார், அதுவும் நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கூறியவை இவை என்பதை மறத்தலாகாது. ஆயினும் வயலும் ஏரியும் சூழ்ந்த தமிழகத்தில் வேரூன்ற முயன்ற சங்கம் நிலத்தோடு தொடர்பு கொண்டது வியப்பன்று. பிற்காலக் கல்வெட்டுகளில் 'பள்ளிச்சந்தம்' என்று பயில்வது பள்ளிகளுக்கு அளிக்கப்பெற்ற அறநிலமே. நிலம் வந்தால் கணக்கும் காவலும் உடன் வரும். பற்றற்றார் உறைவிடம் சொத்துடைய அமைப்பாகும். இதனைச் சிலர் தளர்ச்சி என்பர். அவ்வாறு மட்டும் கூற யான் உடன்படேன். போலி எனப்பட்ட அச்சங்கமே 11ஆம் நூற்றாண்டில் வாதிராசர் போன்ற பேராசிரியரைத் தந்தது. போசளர் காலக் கன்னடக் கல்வெட்டுகள் அதன் ஆசிரியர்களைப் பெருமையுடன் குறிக்கின்றன. ஒருசாரார் மறுத்தும் மற்றொருசாரார் ஏற்றமையால் அது வாழ்ந்தது.

அரசரின் ஏற்பினும் ஊராரின் ஏற்பு அணுக்கமானது. வந்தவாசிப் பகுதியிலுள்ள விடால் கல்வெட்டு இதற்குச் சான்று. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டினதாகக் கொள்ளப்படும் அது, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாரைப் பற்றியது. பெண்துறவியரிடையே, ஐந்நூற்றுவர் ஒருபுறமும் நானூற்றுவர் மறுபுறமுமாகப் பிணக்கு நேர்ந்தது. குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக் கல்லில் பொறித்தனர். ஒரு பெண்ணாசிரியரின் கீழ் இத்துணைப் பெரிய கூட்டம் இருந்ததென்பதே நம் இளைஞர் பலர் அறியாத செய்தி! பிணக்கின் காரணம் கல்லில் இல்லை. யார் சோறிடுவார் என்பது உள்ளது.

2014 சனவரியில் மைய அரசு சமணரைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது. கல்வி நிறுவனம் நடத்துவோர்க்கு அதனால் நன்மையுண்டு. இல்லறத்தார் பிழைப்பு நாடி நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட சிற்றூர்களில், நாள்வழிபாட்டிற்கும் வருகின்ற முனிவரின் ஆகாரதானத்திற்கும் பொறுப்பேற்பவர் எவர் என்பதை அந்த அறிவிப்பு தீர்மானிப்பதில்லை. விடால் ஊரார் செய்தது போல அதனைப் பெயரிட்டு எழுதிவைத்த ஊர்கள் நம்மிடையே எத்தனை?